தெருவைத் திறந்த நகரம், மைதானத்துக்குக் கூரை போட்ட நகரம்

தன் ஊர் மக்கள் ஓடியாடி உடம்பை அசைக்க வேண்டும் என்று ஒரு மாநகராட்சி தீர்மானித்தால் முதலில் என்ன செய்யும்? நம் ஊரில் விடை தயாராக இருக்கிறது: டெண்டர் விடும். பூங்காவில் இரும்புக் கருவிகள் வந்து நிற்கும், கம்பிவேலி எழும், திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் வரிசையாக ஏறும். ஆறு மாதத்தில் கருவியின் பெடல் கழன்றுவிடும். கல்வெட்டு மட்டும் கழலாது. இந்த வழியில் நிற்காமல் வேறு வழி தேடிய இரண்டு நகரங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. மற்றது ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக். ரெய்க்யவிக்கோடு அதைச் சுற்றியுள்ள சிறு நகராட்சிகளையும் சேர்த்துக்கொள்கிறேன். கதையின் பாதி அங்கேதான் நடந்தது.

இவற்றை ஒப்பிடுவதே தப்பு என்று ஒருவர் வாதாடலாம். பொகோட்டாவில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் வாழ்கிறார்கள். ரெய்க்யவிக்கில் ஒன்றரை லட்சம்கூட இல்லை. முன்னது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கக் காலை ஆறு மணி வாக்கில் விடிந்துவிடும், நடுப்பகலிலும் காற்று குளிர்ந்தே இருக்கும். பின்னதில் டிசம்பர் மாதத்துப் பகல் நான்கு மணி நேரம்தான். ஒன்று ஏற்றத்தாழ்வுக்குப் பேர்போன ஊர், மற்றது பணக்கார நாடு. எல்லாம் சரி. ஆனாலும் இரண்டு ஊர்களிலும் வேலையைக் கையில் எடுத்தது உள்ளாட்சி. இரண்டும் பல பத்தாண்டு விடாமல் செய்தன. இரண்டின் விடைகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு போதும்.

பொகோட்டாவின் கதை மாநகராட்சி அலுவலகத்தில் தொடங்கவில்லை. 1974 டிசம்பர் 15 அன்று சைக்கிள் ஆர்வலர்கள் சிலர், நகரத்தைக் கார்கள் விழுங்குகின்றன என்று கண்டனம் தெரிவிக்க ஒன்று கூடினார்கள். கட்டடக் கலைஞர் ஹைமே ஓர்த்திஸ் மரின்யோ அவர்களில் ஒருவர். முக்கியச் சாலைகளைச் சில மணி நேரம் வாகனம் இல்லாமல் கேட்டு வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு வந்து இறங்கினார்கள். 1976-இல் மேயர் லூயிஸ் பிரியெத்தோ ஒகாம்போ அதை அரசாணையாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பிட்ட சாலைகள் நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் சைக்கிளுக்கும் உரியவை. இதற்குச் சிக்லோவியா என்று பெயர்.

ஆணை இருந்தால் மட்டும் ஒன்று நிலைத்துவிடாது என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. எண்பதுகளில் வளர்ந்த சிக்லோவியா பிறகு தேய்ந்து, தொண்ணூறுகளின் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் வந்து நின்றது. 1995-இல் மேயர் அந்தனாஸ் மொக்குஸின் நிர்வாகம் அதைப் போக்குவரத்துத் துறையிடமிருந்து எடுத்து, மாநகரின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கில் பெனலோசா அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் பாதை 100 கிலோமீட்டரைத் தாண்டியது. இன்று 120-க்கும் மேல். எனக்கு இந்தக் கைமாற்றம்தான் முழுக்கதையின் திருப்பமாகத் தெரிகிறது. போக்குவரத்துத் துறையின் கண்ணுக்கு மூடிய சாலை ஒரு தொல்லை. விளையாட்டுத் துறையின் கண்ணுக்கு அது ஊரிலேயே நீளமான மைதானம். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு திட்டத்தின் ஆயுள் கூடும் குறையும்; அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடக்கும் விதம் எளிமையானது. ஞாயிறும் அரசு விடுமுறையும் சேர்ந்து ஆண்டுக்கு எழுபது நாள் சொச்சம். காலை 7 முதல் பிற்பகல் 2 வரை. பல இடங்களில் சாலையின் ஒரு பக்கம் மட்டும் மூடப்படுகிறது, மறுபக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். குறுக்குச் சாலைகளையும் முழுக்க அடைப்பதில்லை. சந்திப்புதோறும் சீருடை அணிந்த இளைஞர்கள் நின்று, சைக்கிள்களை நிறுத்தி வண்டிகளை விடுவார்கள், பிறகு வண்டிகளை நிறுத்திச் சைக்கிள்களை விடுவார்கள். சிலர் சம்பளத்துக்கு வருபவர்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் படிப்பை முடிக்கக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய சமூக சேவை மணிகளை இங்கே கழிக்கிறார்கள். ஓரத்தில் பழச்சாறு விற்பவர், பஞ்சர் ஒட்டுபவர், நாய்க்குட்டியோடு வரும் பாட்டி. மாநகரம் அடிக்கடி சொல்லும் வருகைக் கணக்கு 15 லட்சம். எண்ணும் முறைக்கு ஏற்ப இது மாறும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் எந்த விளையாட்டு அரங்கமும் நெருங்க முடியாத கூட்டம்.

சைக்கிள் இல்லாதவருக்கும் ஓட விரும்பாதவருக்கும் 1995-இலேயே இன்னொன்று தொடங்கினார்கள்: ரெக்ரியோவியா. பூங்காவிலும் சதுக்கத்திலும் ஒரு சிறு மேடை, பாட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர். வருபவர் ஆடிப் பயிற்சி செய்யலாம். பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. ஞாயிறு மட்டுமல்லாமல் வாரநாள் காலையிலும் மாலையிலும் நடக்கிறது. ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, இங்கு வருபவரில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதே. சிக்லோவியாவில் ஆண்கள் அதிகம். அந்தக் குறையை இது ஈடுகட்டுகிறது. ஒரு உள்ளாட்சி தன் திட்டத்தில் யார் விடுபட்டார்கள் என்று பார்த்து, விடுபட்டவர்களுக்கென இன்னொன்றைப் பக்கத்திலேயே வைப்பது அபூர்வம்.

செலவைக் கேட்டால் வியப்பு வரும். 2012-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று, பொகோட்டாவில் ஒரு பயனருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு சுமார் 6 அமெரிக்க டாலர் என்று கணக்கிட்டது. செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.23 முதல் 4.26 டாலர் வரை மிச்சமாகிறது என்றும் சொன்னது. இவ்வளவு மலிவாக முடிவதற்குக் காரணம், எதையும் புதிதாகக் கட்டவில்லை. சாலை ஏற்கெனவே போட்டாயிற்று. அதை வாரத்தில் ஏழு மணி நேரம் வேறொருவருக்குத் தருகிறார்கள்.

ரெய்க்யவிக்கில் இந்தச் சிக்கனத்துக்கு வழியே இல்லை. பனியும் இருட்டும் உள்ள ஊரில் தெருவைத் திறந்துவிட்டு யாரை அழைப்பது? அங்கே பிரச்சினையும் வேறு இடத்திலிருந்து கிளம்பியது. தொண்ணூறுகளில் ஐஸ்லாந்துப் பதின்வயதினர் ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகக் குடிப்பவர்களில் சேர்ந்திருந்தார்கள். 1998-இல் 15, 16 வயது மாணவரில் 42 விழுக்காட்டினர், கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள். ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்து ஒரு கருத்தை வைத்திருந்தார்: பிள்ளைகளிடம் போதை கெடுதல் என்று ஓதிப் பயனில்லை, அந்தக் கிளர்ச்சி தரும் வேறொன்றை, விளையாட்டையோ இசையையோ நடனத்தையோ கையில் கொடுக்க வேண்டும். சமூகவியலாளர் இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர் போன்றோரின் ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன. பெரியவர் மேற்பார்வையில் ஒழுங்காக விளையாடும் பிள்ளைகளும், பெற்றோரோடு பொழுது கழிக்கும் பிள்ளைகளும் குடியில் விழுவது குறைவு.

அதன்பின் நடந்ததில் பாதி சட்டம், பாதி நகராட்சி. சட்டப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சிகரெட் வாங்க 18 வயது, மது வாங்க 20, குளிர்காலத்தில் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் இரவு 8 மணிக்கு மேலும், 13 முதல் 16 வயதினர் 10 மணிக்கு மேலும் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. பெற்றோர் முறை வைத்துத் தெருவில் இரவு நடை போனார்கள்.

நகராட்சிகளின் பங்கு இதைவிட நுட்பமானது. பொதுமக்களுக்கான விளையாட்டுக் கட்டடங்களை எழுப்புவது உள்ளாட்சியின் கடமை என்று ஐஸ்லாந்தின் 1998ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டமே சொல்கிறது. சம்பளத்தில் 14 முதல் 15 விழுக்காடு வரை நேராக உள்ளாட்சி வரியாகவே போய்ச் சேர்வதால், கடமையோடு காசும் கையில் இருந்தது. கால்பந்து மைதானங்கள் பாதி ஆண்டு உறைந்து கிடந்தன. எனவே மைதானத்துக்கே கூரை போட்டார்கள். 2000-இல் ரெய்க்யனெஸ்பைர் நகராட்சியில் முழு அளவு உள்ளரங்கக் கால்பந்துக் கூடம் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்குள் ரெய்க்யவிக்கிலும் பக்கத்து நகராட்சியான கோபவோகுரிலும் வந்தது. பிறகு ஊருக்கு ஊர் பரவியது.

கூரையைப் பற்றியே உலகப் பத்திரிகைகள் எழுதின. 2016 ஜூனில் ஐரோப்பியக் கோப்பையில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியபோதும், அதுவரை உலகக் கோப்பையில் ஆடிய நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியதாக 2018-இல் ரஷ்யாவுக்குப் போனபோதும் கூடங்களின் படங்களே வெளிவந்தன. கோபவோகுரின் பிரெய்தாபிளிக் கழகத்தில் வளர்ந்த கில்ஃபி சிகுர்ட்சன் போன்றோர் அந்த அணியில் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கூரைக்கு அடியில் நின்றவர் யார் என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குக்கூடச் சம்பளம் வாங்கும், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் உரிமம் பெற்ற பயிற்றுநர் சொல்லித் தருகிறார். ஓய்வு நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் யாரோ ஒரு அப்பா அல்ல.

பயிற்றுநருக்குச் சம்பளம் என்றால் கழகம் கட்டணம் வாங்கும். கட்டணம் என்றால் இல்லாதவர் வீட்டுப் பிள்ளை வாசலோடு நின்றுவிடும். இந்த முடிச்சை அவிழ்க்க ரெய்க்யவிக் மாநகராட்சி 2007-இல் பொழுதுபோக்கு அட்டை என்ற உதவித்தொகையைக் கொண்டுவந்தது. 6 முதல் 18 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை. விளையாட்டுக்கோ இசைக்கோ நடனத்துக்கோ பயன்படுத்தலாம். பணம் பெற்றோர் கைக்கு வராது, பிள்ளை சேரும் கழகத்துக்கு நேரே போய்விடும். சிறிதாகத் தொடங்கிய தொகை 35,000 க்ரோனாவாகி, 50,000 ஆகி, 2023 முதல் 75,000 ஆனது. நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சில நகராட்சிகள் பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போகப் பேருந்தும் விட்டன. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையின் விளையாட்டு எங்கே அறுந்துபோகிறது என்று யோசித்தவர்களுக்குத்தான் அந்தப் பேருந்து தோன்றும்.

1997-க்கும் 2012-க்கும் இடையே, வாரம் நான்கு முறையாவது ஒழுங்கமைந்த விளையாட்டில் கலந்துகொண்ட 15, 16 வயதினர் 24 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தார்கள். போதை ஏறக் குடித்தவர் 2016-இல் 5 விழுக்காடாகச் சரிந்தார்கள். இதையெல்லாம் விளையாட்டின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பதின்வயதுக் குடி குறைந்தது; சட்டங்களும் தம் பங்கைச் செய்தன. ஐஸ்லாந்தில் சரிவு அதிகச் செங்குத்து என்று மட்டும் சொல்லலாம்.

இனி இரண்டையும் முட்டவிட்டுப் பார்ப்போம். பொகோட்டாவின் பலம் அகலம். கழகத்தில் சேர வாழ்நாளில் நினைத்தே பார்க்காத ஐம்பது வயதுத் தையல்காரியும் அங்கே வரலாம். அடையாள அட்டை கேட்பாரில்லை. தெற்கின் ஏழைப் பகுதிகளையும் வடக்கின் செல்வர் பகுதிகளையும் அதே பாதை தொட்டுச் செல்வதால், ஆறு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் ஏழாம் நாள் ஒரே சிக்னலில் நிற்கிறார்கள். ஆழம்தான் இல்லை. யாரும் யாருக்கும் எதையும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. இன்று வந்தவர் அடுத்த வாரம் வராவிட்டால் கேட்கவும் ஆளில்லை. திங்கட்கிழமை காலை அதே சாலை மறுபடி புகையும் நெரிசலுமாகிவிடும்.

ரெய்க்யவிக்கில் நேர்மாறு. பெயர் பதிவாகிறது, பயிற்றுநர் பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் போகிறது. அந்த ஆழத்துக்கு ஒரு விலை உண்டு: கதவு இருக்கும் இடத்தில் வெளியே நிற்பவரும் இருப்பார். புலம்பெயர்ந்தோர் நிறைய வாழும் பிரெய்ட்ஹோல்ட் பகுதியில் பொழுதுபோக்கு அட்டையின் பயன்பாடு நகரின் மற்ற பகுதிகளைவிடத் தாழ்ந்து கிடந்தது. அதைச் சரிசெய்ய மாநகராட்சி தனி முயற்சி எடுக்க வேண்டி வந்தது. மொழி தெரியாத பெற்றோருக்கு இணையவழிப் பதிவு ஒரு சுவர். எல்லாருக்கும் ஒரே தொகை என்று கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்ந்துவிடாது. பெரியவர்களுக்கு அங்கே வேறு ஏற்பாடு இருக்கிறது: பூமிச்சூட்டில் வெந்நீர் ஓடும் நகராட்சி நீச்சல் குளங்கள், ஏறத்தாழ ஊருக்கு ஒன்று. அதைப் பற்றித் தனியே எழுதலாம். நம்மால் இறக்குமதி செய்ய முடியாத வரம் அது.

அளவிடுவதில் ஐஸ்லாந்து தெளிவாக முந்தி நிற்கிறது. மாணவரிடம் முறையாகக் கருத்துக் கணிப்பு நடத்தி, முடிவுகளைச் சில மாதங்களுக்குள் அந்தந்த நகராட்சிக்கும் பள்ளிக்கும் தனித்தனியே கொடுத்துவிடுகிறார்கள். நாட்டுச் சராசரி என்ற போர்வைக்குள் எந்த நகரமன்ற உறுப்பினரும் ஒளிந்துகொள்ள முடியாது. அவருடைய ஊரின் எண் அவர் மேசையில் இருக்கும். பொகோட்டாவிலும் பல்கலைக்கழக ஆய்வுகள் ஏராளம், ஆனால் அவை பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்த கண்கள்.

பாதுகாப்பு என்று வரும்போது தராசு பொகோட்டா பக்கம் சாய்கிறது. 2007-இல் கொலம்பிய நாடாளுமன்றத்தில் சிக்லோவியாவின் நேரத்தை முன்தள்ளி நண்பகலோடு முடிக்க ஒரு யோசனை வந்தது. கார் வைத்திருப்பவரின் ஞாயிறு கெடுகிறது என்பது அதன் சாரம். மக்கள் கொதித்தெழுந்தார்கள், யோசனை தோற்றது. எதிரெதிர்க் கட்சி மேயர்கள் மாறி மாறி வந்தும் அதில் கைவைக்கத் துணியவில்லை. கட்டடம் பழுதானால் உடைத்துவிடலாம். லட்சக்கணக்கானோர் ஞாயிறு காலைப் பழக்கமாக்கிக்கொண்டதை உடைப்பது கடினம்.

இவ்வளவு வேறுபாட்டுக்கு அடியில் ஒரு ஒற்றுமை ஓடுகிறது. நான் இந்த இரண்டு ஊர்களையும் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இரண்டு உள்ளாட்சிகளும் வாராவாரம் ஆட்களுக்குச் செலவு செய்கின்றன. பொகோட்டாவில் சந்திப்பில் நிற்கும் இளைஞரும் மேடையில் ஆடும் ஆசிரியரும். ரெய்க்யவிக்கில் உரிமம் பெற்ற பயிற்றுநர். பொருளுக்கு ஒருமுறை செலவழித்துப் படம் எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கும். ஆளுக்கு ஆண்டாண்டாய்ச் செலவழிப்பதில்தான் இவை மற்ற ஊர்களிலிருந்து பிரிகின்றன.

இதை வைத்துத் தமிழ்நாட்டைப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். பூங்காவும் விளையாட்டு மைதானமும் நகராட்சியின் பொறுப்பு என்று அரசியல் சாசனத்தின் 74ஆம் திருத்தம் சேர்த்த 12ஆம் அட்டவணை பட்டியலிட்டு வைத்திருக்கிறது. 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பின்றி இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெண்களின் நிலை ஆண்களைவிட மோசம். 2014-இல் சென்னை பெசன்ட் நகரில் மாநகராட்சியின் ஆதரவோடு காரில்லா ஞாயிறு தொடங்கியது. பிள்ளைகள் தெருவில் ஸ்கேட்டிங் போனார்கள், பெரியவர்கள் பூப்பந்து ஆடினார்கள். ஒரு சாலையில், கடற்கரையோர வசதியான பகுதியில் தொடங்கிய அது, வடசென்னைக்கும் நீண்டு ஊர் முழுவதற்குமான வழக்கமாகவில்லை. 2024-இல் மாநில அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுக் கருவித் தொகுப்புகளை அறிவித்தது. நல்ல காரியம்தான், ஆனால் கேரம் போர்டையும் பந்தையும் வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம், மாலை ஐந்து மணிக்குத் திறப்பவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்ற கேள்விகளுக்குக் கருவிகள் விடை சொல்லாது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஆடும் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றது. ரெய்க்யவிக் பிள்ளை விளையாடப் போனால் மாநகராட்சி காசு கொடுக்கிறது. இங்கே பிள்ளையிடம் காசு வாங்கப் பார்த்தார்கள். திரும்பப் பெற்றதற்குப் பாராட்டுவோம், பராமரிப்புச் செலவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த வழி நமக்கு என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: முதலில் பொகோட்டா, பின்னால் ரெய்க்யவிக். கூடம் கட்டவும் உதவித்தொகை தரவும் வேண்டிய வருவாய் நம் நகராட்சிகளிடம் இன்று இல்லை. சாலை இருக்கிறது. நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும்; பிற்பகல் 2 மணி வரை நம் வெயிலில் யாரும் நிற்க முடியாது, விடியற்காலை 5.30 முதல் 8.30 வரை போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைச் சந்திப்பில் நிறுத்தலாம். வார்டுக்கு ஒரு பூங்காவில் மாலை வேளையில் பெண்களுக்குச் சொல்லித்தர உடற்கல்விப் பட்டம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒருவரை நியமிக்கலாம். ரெய்க்யவிக்கிடமிருந்து உடனே எடுத்துக்கொள்ளக் கூடியது கணக்கெடுப்பு ஒன்றுதான்: எந்த வார்டில் எத்தனை பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் விளையாடுகிறார்கள் என்ற எண்.

அடுத்த முறை உங்கள் பகுதி சபையோ கிராம சபையோ கூடும்போது, புதிய கருவி வேண்டும் என்று மனு கொடுக்காதீர்கள். விளையாட்டுக்கென இந்த ஆண்டு ஒதுக்கிய தொகையில் கட்டடத்துக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.